மருவும் முள்ளக்காவின் ஆறு வாரங்களும்

உங்கள் விரலில் ஒரு மரு முளைத்தால் அதை முதலில் யாரிடமிருந்து மறைப்பீர்கள்? யாரிடமும் மறைக்க மாட்டேன் என்று சொல்பவருக்கு இதுவரை மரு வந்திருக்காது, அல்லது அவர் கையை வேலை நேரத்தில் யாரும் விளக்கடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் வந்தால் ஊருக்கே சொல்கிறோம். முதுகுவலியைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கூடச் சொல்லி அழுகிறோம். தோலில் கடுகளவு ஏதாவது முளைத்துவிட்டால் மட்டும், எதையோ திருடிவிட்டு வந்தவர்கள் போல் கையைப் பைக்குள் விட்டுக்கொள்கிறோம்.

முள்ளக்கா நான்கு மாதம் மறைத்தார். சூப்பர்வைசரிடம் மறைத்தார், கணவரிடம் மறைத்தார், பக்கத்து மேசைக்காரியிடம் மறைத்தார். தலை வாரும்போது கண்ணாடியில் அந்த விரல் தெரியாதபடி சீப்பைப் பிடித்துத் தன்னிடமும் மறைத்துக்கொண்டார்.

மீனைச் சுத்தம் செய்து கப்பலுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் முள் எடுப்பவர். பத்தொன்பது வருட வேலை. கூடவே வந்த பெயர்தான் முள்ளக்கா. கத்திக்காரர்கள் மீனின் நடுமுள்ளை நீக்கி, சதையை இரண்டு பாளமாக்கி பெல்ட்டில் விடுவார்கள். அதற்குப் பிறகும் சதைக்குள் ஊசி போன்ற முட்கள் ஒரு வரிசை மிச்சமிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இடது கை ஆள்காட்டி விரலின் நுனியைப் பாளத்தின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு முள்ளும் விரலில் இடறும். வலது கையில் இருக்கும் இடுக்கி அதைக் கவ்வி, சதை கிழியாமல், அது முளைத்த சாய்விலேயே உருவும். ஒரு பாளத்தில் இருபதுக்கு மேல் முள். நீங்கள் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் முள்ளக்கா ஒரு பாளத்தை முடித்துத் தள்ளிவிடுவார்.

கையுறை தருகிறார்கள். ரப்பர் கையுறை. அதைப் போட்டுக்கொண்டால் விரல் செவிடாகிவிடும் என்பார்கள் அங்கே வேலை செய்யும் பெண்கள். அதனால் முள் எடுக்கும் முப்பத்தொரு பேரும் வேலை தொடங்கும் முன் இடது கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியைக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். விதிப்படி அது குற்றம். ஆனால் அந்தக் கத்தரியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்ததே அலுவலகம்தான். வெட்டாத கையுறையோடு மணிக்கு இத்தனை பாளம் என்ற கணக்கு ஒருநாளும் வராது என்று அவர்களுக்கும் தெரியும். வெட்டிய ஓட்டை வழியாக ஐஸ் தண்ணீர் உள்ளே போகும். எட்டு மணி நேரம் கை அதிலேயே ஊறும். மாலையில் கழற்றும்போது விரல்கள் ஊறிய காகிதம் போல் வெளுத்து, தொட்டால் வழன்றுவிடும்போல் இருக்கும். அதன் மேல் முள் குத்திய பொத்தல்கள்.

முதல் மரு ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் வந்தது. முள் முறிந்து உள்ளே தங்கிவிட்டது என்று நினைத்து முள்ளக்கா ஊசியால் நோண்டினார். இரண்டு வாரத்தில் அது மேலே சொரசொரத்து, நடுவில் கருப்பாக மூன்று புள்ளிகள் காட்டியது. வேர் என்று முடிவுசெய்து பிளேடால் சீவினார். ரத்தம் நிற்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்தார். சீவிய இடத்தில் மறுபடி முளைத்தது, பக்கத்தில் குட்டியும் போட்டது. மூன்றாம் மாதம் இரண்டு கையிலும் சேர்த்து ஏழு.

பள்ளி வேன் ஓட்டும் கணவர் ஒருநாள் தட்டை வாங்கும்போது பார்த்துவிட்டார்.

"என்னது இது, கையெல்லாம் காலிஃபிளவர் நட்டு வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல, முள்ளு குத்துனது."

"முள்ளு குத்துனா ஏழு இடத்துல பூ பூக்குமா? சின்ன வயசுல நட்சத்திரத்த எண்ணியிருப்ப. எண்ணக் கூடாதும்பாங்க, மரு வரும்."

"நாப்பத்தொரு வயசுல வந்து வட்டியோட வசூல் பண்ணுதாக்கும்?"

"சிரிக்காத. எங்க டெப்போல ஒருத்தருக்குக் குதிர முடியைக் கட்டி உதிர்ந்துச்சு."

"நீங்க போய்க் குதிரைய புடிச்சிட்டு வாங்க. நான் அதுக்குள்ள பாத்திரத்த கழுவிடுறேன்."

சிரித்துவிட்டு இருவரும் சாப்பிட்டார்கள். ஆனால் சோற்றைப் பிசைந்து மகளுக்கு உருட்டிக் கொடுக்கும் வழக்கத்தை முள்ளக்கா அன்றோடு நிறுத்திக்கொண்டார். பதினான்கு வயது மகள் ஏனென்று கேட்கவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நட்சத்திரம், தேரை, முன்வினை, யாரோ வைத்த கண் என்று மருவுக்கு நாம் சொல்லாத காரணம் இல்லை. குதிரை முடிக்குப் போனதாகவும், மந்திரித்த நூலுக்குப் போனதாகவும் சாட்சி சொல்ல ஆளும் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உடம்பு கிருமியை அடையாளம் கண்டுகொண்டால் பல மருக்கள் தாமாகவே உதிர்ந்துவிடும், சிலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்களில். அந்தச் சமயத்தில் விரலில் என்ன கட்டியிருந்தீர்களோ அதற்குப் பேர் போய்ச் சேரும். இந்த அளவோடு நின்றால் வேடிக்கை. ஆனால் மரு முன்வினையால் வருகிறது என்று நம்பும் ஊரில், மரு வந்தவரைத் தண்டிப்பது நியாயம் என்றும் ஆகிவிடுகிறது. அந்தக் கம்பெனியில் அதுதான் நடந்தது.

சூப்பர்வைசருக்குப் பெண்கள் வைத்த பெயர் டார்ச். பாளத்தில் முள் மிச்சமிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பது அவர் வேலை. வாங்கும் கம்பெனியிலிருந்து யாரோ வந்து ஒரு பெண்ணின் கையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனார்களாம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து டார்ச்சின் விளக்கு கைகளின் மேல் திரும்பியது. வேலைக்கு முன் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும்.

முதலில் மாட்டியவள் ஒல்லி. கடைசி மேசைக்காரி. சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கட்டை விரலில் மூன்று மரு.

"என்னம்மா இது? இந்தக் கையோட சாப்பாட்டுப் பொருளத் தொடுற?"

"சார், வலிக்கக் கூட இல்ல சார்."

"உனக்கு வலிக்கலன்னா எனக்கு என்ன? ஏப்ரனக் கழட்டி வச்சிட்டுப் போ."

ஒல்லி ஏப்ரனைக் கழற்றி, மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நிமிடம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. முள்ளக்காவும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கை அப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஒல்லி போன பிறகு பேச்சு வந்தது. அவள்தான் இந்தச் சீக்கைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் சுத்தம் போதாது. அவள் நடத்தையே ஒரு மாதிரி. மருவுக்கு நடத்தை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஈரமும் கீறலும்தான். இரண்டையும் தினம் எட்டு மணி நேரம் ஏற்பாடு செய்துகொடுத்தது கம்பெனி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இரண்டு வாரம் தோல் நிறப் பிளாஸ்திரி ஒட்டி முள்ளக்கா தப்பினார். மூன்றாம் வாரம் வாயாடி கண்டுபிடித்தாள். வாயாடி பக்கத்து மேசைக்காரி. அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

"அக்கா, தினம் தினம் அதே வெரல்லயே முள்ளு குத்துதா? மீனெல்லாம் உங்க வெரல அட்ரஸ் வச்சித் தேடி வருதா?"

"வாய மூடுடி."

"மூடுறேன். இந்தாங்க, எனக்கும் ரெண்டு பிளாஸ்திரி குடுங்க." அவள் தன் கையுறையை லேசாக விலக்கிக் காட்டினாள். நான்கு மரு.

அடுத்த சோதனையில் டார்ச் முள்ளக்காவின் பிளாஸ்திரியைப் பிரிக்கச் சொன்னார். முள்ளக்கா பிரித்தார். ஏழு மருவையும் பார்த்துவிட்டு டார்ச் அவரை ஏப்ரனைக் கழற்றச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"உங்கள மாதிரி கை எனக்குக் கெடைக்காதும்மா. ஆறு வாரம் தர்றேன். அதுக்குள்ள போக்கிடுங்க. இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

ஒல்லிக்கு ஆறு நிமிடம். முள்ளக்காவுக்கு ஆறு வாரம். இந்த வித்தியாசத்தை நன்றியோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், வாங்கியது உறுத்தியது என்று முள்ளக்கா பின்னால் சொன்னார்.

தோல் மருத்துவரிடம் மூன்று மணி நேரம் காத்திருந்தார். மருத்துவர் ஒரு பெண்மணி, அன்றைக்கு எழுபதாவது ஆளைப் பார்ப்பவரின் களைப்பு முகத்தில் இருந்தது. விரலை விளக்கருகே பிடித்து, மேல் தோலை லேசாகச் சுரண்டிப் பார்த்தார்.

"பிளேடு போட்டீங்களா?"

"வேர எடுத்தா போயிடும்னு..."

"இது வேர் இல்லம்மா. சின்ன ரத்தக்குழாய் அடைச்சி, உறைஞ்ச ரத்தம் கருப்பா தெரியுது. மருவுக்கு வேரே கெடையாது. மேல் தோல்லயே உக்காந்திருக்கும். நீங்க சீவச் சீவக் கிருமியப் பக்கத்துல வெதச்சி விடுறீங்க."

"மீன்லேர்ந்து வந்துச்சா டாக்டர்?"

"பாவம், மீன் மேல பழி போடாதீங்க. இது மனுஷத் தோல்ல வளர்ற வைரஸ். மனுஷங்கிட்டேர்ந்துதான் வரும்."

"நாங்க தொட்ட மீனைச் சாப்பிடுறவங்களுக்கு?"

"சாப்பிட்டு மரு வராது. சமைக்கிற சூட்டுல ஒண்ணும் மிஞ்சாது. என்ன வேல பாக்குறீங்க, கையுறை போடுறீங்களா?"

நுனி வெட்டும் கதையைக் கேட்டதும் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிறகு எழுந்து, புகை வழியும் ஒரு இரும்புக் குடுவையிலிருந்து பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வொரு மருவின் மேலும் வைத்தார். சூடு வைத்தது போல் எரிந்தது. "குளிர்ச்சிதான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார். "ஐஸ்லதான டாக்டர் பொழப்பே" என்றார் முள்ளக்கா. களைத்த முகம் முதன்முறையாகச் சிரித்தது.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொன்னார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் விரலை ஊறவைக்க வேண்டும். செத்து வெளுத்த மேல் தோலை மட்டும் நகம் தேய்க்கும் அட்டை ரம்பத்தால் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும்; ரத்தம் வரும்வரை தேய்க்கக் கூடாது. ஈரத்தைத் துடைத்துவிட்டு மருந்தை மரு மேல் மட்டும், நல்ல தோலில் படாமல், ஒரு சொட்டு வைக்க வேண்டும். காய்ந்ததும் பிளாஸ்திரி. புண்ணானால் நிறுத்திவிட்டு வர வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளிர்க்குச்சி.

"சர்க்கரை இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"இருந்தா இந்த மருந்த வீட்டுல வைக்கவே சொல்லமாட்டேன். முகத்துலயும் வைக்கக் கூடாது."

"ஆறு வாரத்துல போயிடுமா?"

"வாக்கு குடுக்க மாட்டேன். மூணு மாசம் கூட ஆகும். சிலருக்கு அதுக்கும் மேல. இன்னொண்ணு, அந்த ரம்பத்த நீங்க மட்டும் வச்சிக்கோங்க, முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடுங்க. பிளேடு, துண்டு, கால் தேய்க்கிற கல்லு, சொரசொரப்பா எதையும் பொதுவுல வைக்காதீங்க. ஊறுன தோல அதுல தேச்சா, ஒருத்தர் மரு அடுத்தவருக்குப் போக வேற வழியே வேண்டாம்."

முள்ளக்கா எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆள் உள்ளே வந்த பிறகும் நாற்காலியில் இருந்தார்.

காரணம் இதுதான். வேலை முடிந்ததும் பெண்கள் கை கழுவ இரண்டு தொட்டிகள் உண்டு, ஒன்று வாசல் பக்கம், இன்னொன்று அலமாரிப் பக்கம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் மீன் வாடை நகக்கண்ணில் நிற்கும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் முள்ளக்கா குதிகால் தேய்க்கும் ஒரு நுரைக்கல்லை வாங்கி, வாசல் பக்கக் குழாயில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். நன்றாகத் தேய்த்தால் வாடை போய்விடும். பெண்கள் வரிசையில் நின்று அதில் விரலைத் தேய்த்துவிட்டுப் போனார்கள். எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். சிலருக்கு அது யார் கட்டிய கல் என்றுகூட மறந்துபோயிற்று.

அடுத்த வாரம் முள்ளக்கா சோதித்துப் பார்த்தார். தன் பயம் பொய்யாகப் போக வேண்டும் என்ற ஆசையோடுதான் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, தன் கையை முதலில் காட்டினார். காட்டியதும் அவர்களும் பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டினார்கள். வாசல் தொட்டியில் கழுவுகிறவர்கள் பதினேழு பேர். பதினொரு பேருக்கு மரு. அலமாரித் தொட்டியில் பதினான்கு பேர், இரண்டு பேருக்கு. அந்த இரண்டு பேரில் ஒருத்தி, பேருந்துக்கு அவசரமாக ஓடும் நாட்களில் வாசல் பக்கமே கழுவிவிடுவாள். ஒல்லியும் வாசல் தொட்டிக்காரிதான். எல்லாருக்கும் கடைசியில் சேர்ந்தவள். அவள் வருவதற்கு முன்பே நான்கு பேருக்கு மரு இருந்திருக்கிறது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிய காகிதத்தில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு இதைக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சி என்றால் வேறு என்ன?

அன்று மாலை எல்லாரும் போகும்வரை காத்திருந்து முள்ளக்கா கயிற்றை அறுத்தார். கல்லைக் குப்பைத் தொட்டியின் அடியில் தள்ளினார். மறுநாள் பெண்கள் தேடினார்கள். "எவளோ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. குதிகால் வெடிப்பு போல" என்றாள் வாயாடி. முள்ளக்கா சிரித்து வைத்தார்.

கல் போய்விட்டது, இனிப் பரவாது. அதோடு விட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் பழி முழுக்கத் தன் மேல் விழும், டார்ச் கொடுத்த ஆறு வாரமும் ஆறு நிமிடமாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். வேன் ஓட்டும் வேலை பள்ளி விடுமுறையில் நின்றுவிடும். முள்ளக்காவின் கை ஓடினால்தான் வீடு ஓடும். அதனால் வாயை மூடிக்கொண்டு வைத்தியத்தைப் பார்த்தார். தினமும் மாலை காப்பி குடித்ததும் கிண்ணத்தில் விரலை ஊறவைப்பார். வலது கை விரல்களுக்கு மருந்து வைக்க இடது கை சரிவராது; கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சொட்டு வைப்பார்.

"ஏங்க, நல்ல தோல்ல ஊத்துறீங்க."

"வேன ரிவர்ஸ் எடுத்து சந்துல விடுறவன் நான். இது முடியாதா? ஆடாம இரு."

பிளாஸ்திரியை நகத்துக்கு நேராக ஒட்டிவிட்டு, "குதிரைக்குச் சொல்லி வச்சிருந்தேன், வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்பார். மூன்றாம் வாரம் இரண்டு மரு உரிந்து விழுந்தது. நான்காம் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் வாரம் நகத்தோரத்து மரு தவிர மற்றவை தட்டையாகிப் புதுத் தோல் தெரிந்தது. பொறுமையைத் தவிர அந்த வைத்தியத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

ஐந்தாம் வாரக் கடைசியில், மருந்துக் கடை வாசலில் ஒல்லியைப் பார்த்தார். அவள் கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"எப்படிடி இருக்க? வேற எங்கயாவது சேந்துட்டியா?"

"எங்கக்கா சேக்குறாங்க? போன எடத்துலல்லாம் ஏன் நிப்பாட்டுனாங்கன்னு கேக்குறாங்க. சொன்னா கையப் பாக்குறாங்க."

"கையக் காட்டு."

"வேணாம்க்கா."

"காட்டுடி."

ஒல்லி காட்டினாள். கட்டை விரல் நுனி முழுக்கக் கருகி, நகம் பாதி இல்லை. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றியிருக்கிறாள். யாரோ சொன்னார்களாம், ஒரே நாளில் போய்விடும் என்று. மரு போய்விட்டது. ஆள்காட்டி விரலிலும் வழிந்திருக்கிறது.

"மருதான் போயிடுச்சேன்னு சொல்லி மறுபடியும் கேக்கலாம்னு இருக்கேன்க்கா. டார்ச் சார் சேத்துக்குவாரா?"

முள்ளக்கா அவளை அங்கிருந்தே மருத்துவரிடம் அழைத்துப் போனார். வழியில் கல்லின் கதையைச் சொன்னார். ஒல்லி நடுத்தெருவில் நின்றாள். திட்டவில்லை. "அப்ப நான் கொண்டு வரலையா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதமாக அவளும் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆறாவது திங்கட்கிழமை. முள்ளக்காவின் கையில் மிச்சம் ஒரே ஒரு மரு, அதுவும் நகத்தின் மடிப்பில் அரைக் கடுகளவு. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது" என்றார். அடுத்த ஆளிடம் போகத் திரும்பினார். அவ்வளவுதான், தப்பியாயிற்று.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் முள்ளக்கா. "ஒண்ணு இன்னும் இருக்கு. அது கெடக்கட்டும். வாசல் கொழாயில கட்டியிருந்த கல்லு என்னுது. அதுலதான் எல்லாருக்கும் பரவியிருக்கு. ஒல்லி கொண்டு வரல."

காகிதத்தை எடுத்து இரண்டு பத்தியையும் படித்தார். பிறகு வாயாடி தலையில் கை வைத்தாள்.

"அக்கா, பாவி! அந்தக் கல்லுலதான் நான் தினம் குதிகாலையும் தேச்சேன். காலுல ரெண்டு இருக்கு. நடந்தா கூழாங்கல்ல மிதிச்ச மாதிரி இருக்குன்னு செருப்ப மாத்திக்கிட்டிருக்கேன்!"

சிலர் சிரித்துவிட்டார்கள். சிலர் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக முள்ளக்காவோடு ஒரே பேருந்தில் போய்வரும் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றும் அவள் அவரோடு பேசுவதில்லை. அதை முள்ளக்கா தவறென்று சொல்வதில்லை.

"அப்ப எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம்" என்றார் டார்ச்.

"கல்லுக்கு நான்தான் காரணம் சார். கிளவுஸ் நுனிய வெட்டுற கத்தரிக்கு யாரு காரணம்? அதுவழியா தண்ணி போயி தோல் ஊறுறதுக்கு யாரு காரணம்? கையில வாட போக ஒரு பிரஷ்ஷு ஆளுக்கு ஒண்ணு குடுத்திருந்தா நான் ஏன் கல்லு வாங்குறேன்? உங்களுக்கு எங்க வெரல் வேணும். அதுல ஏதாவது வந்தா மட்டும் வேணாமா?"

அன்றே ஏப்ரனைக் கழற்றச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார். இம்முறை ஏப்ரனை வாங்கிக்கொள்ள வாயாடி கையை நீட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை டார்ச் விளக்கோடு வந்தபோது பெண்கள் வரிசையில் நின்றார்கள். கையை மட்டும் நீட்டவில்லை. "டாக்டரம்மாவக் கூட்டிட்டு வாங்க சார், காட்டுறோம். உங்க கண்ணுக்கு என்ன தெரியும்? வெளக்குதான தெரியுது" என்றாள் வாயாடி. கூச்சலோ கோஷமோ இல்லை. கையுறைகளை நுனி வெட்டாமல், விதிப்புத்தகத்தில் உள்ளபடியே போட்டுக்கொண்டு மேசைக்குப் போனார்கள். விதிப்படி வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான். பத்து மணிக்குள் பெல்ட்டில் பாளம் குவிந்தது. மதியம் கத்திக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள் தோல் மருத்துவர் வந்தார்.

மருத்துவர் ஒவ்வொருவரின் கையையும் பார்த்தார். சர்க்கரை இருந்த ஒருத்திக்கு வீட்டு மருந்து வேண்டாம் என்று தன்னிடமே வரச் சொன்னார். மரு உள்ள விரலைப் பிளாஸ்திரியால் மூடி, மேலே கையுறை போட்டால் வேலை செய்யத் தடையில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கத்தரி சுவரிலிருந்து போயிற்று. அதற்குப் பதிலாக நுனிக்குப் பலூன் போல் மெல்லிய விரலுறை வந்தது. அதில் முள் இடறுவது தெரிகிறது. ஆளுக்கொரு எண் போட்ட நக பிரஷ் வந்தது. இரண்டாவது வாரம் முள்ளக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கடைசி மரு அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் போயிற்று.

ஒல்லியையும் கூப்பிட்டார்கள். பெண்கள் விடவில்லை. வந்து மேசையில் நின்றாள். பாளத்தின் மேல் ஆள்காட்டி விரலை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். புண் ஆறிய அந்த நுனி தடித்து, மழுங்கிக் கிடந்தது. முள் இருப்பது அவள் விரலுக்குத் தெரியவில்லை. இப்போது பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் இடத்தில் இருக்கிறாள். அவள் கட்டை விரலில் இருந்த மூன்று மரு, மருந்து வைத்தால் சில மாதத்தில் போயிருக்கும். வைக்காவிட்டாலும் ஒருநாள் தானாகவே போயிருக்கலாம். ஆசிட் தின்ற தொடு உணர்ச்சி திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைச் செய்தது மரு இல்லை. ஏப்ரனைக் கழற்று என்ற ஒரு சொல், அதைக் கேட்டுக்கொண்டு நின்ற முப்பது பேரின் மௌனம், பிறகு பரவிய பேச்சு. முள்ளக்கா தன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தே சொல்கிறார்.

உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருபவர், அலுவலகத்தில் காப்பி கொண்டுவருபவர், பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவர், யாராவது விரலில் பிளாஸ்திரியை வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் அவரை வேலையை விட்டு அனுப்பாதீர்கள். பிளேடையும் ஆசிட்டையும் அவர் தேடிப் போகும் முன், இந்த வாரமே தனியாகக் கூப்பிட்டு, இது சாதாரண மரு, மருந்து இருக்கிறது, வேலை போகாது என்று சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல் மருத்துவரிடம் கூடப் போய் வாருங்கள்.